மிச்சம் நாலு ஊசி

ஐப்பசி 4, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை.

நடந்தபோது எங்கள் வாசலில் இருந்தவர்கள். பிறகு ஆளுக்கு ஒன்று மாற்றிச் சொல்லக் கூடாது என்று இப்போதே எழுதி வைக்கிறேன்.

இவர், என் வீட்டுக்காரர். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து.
மாட்டுத் தரகர் முனியப்பா. எதிரில் முக்காலியில்.
என் மகள் செல்வி. கிணற்றடியில், பாத்திரம் தேய்த்துக்கொண்டு.
நான். சமையல்கட்டு வாசற்படியில், முறத்தோடு.
சிவப்புப் பசு. விலை பேசுவதற்காக அவிழ்த்து நிறுத்தியது.
வெள்ளை நாய், பொட்டு. கொட்டகைத் தூணருகே. கட்டாமல்.

வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டார் சத்தம் கேட்ட பிறகு வந்தவர்கள். முதலிலிருந்து பார்த்ததாகச் சொல்வது பொய்.

தரகர் தோளிலிருந்து துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார். இவர் கையை நீட்டினார். இரண்டு கைக்கும் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவது வழக்கம்தானே. எத்தனை மாடு அப்படி வந்திருக்கிறது, போயிருக்கிறது. "இதுக்கு மேல விரல் மடக்காதீங்க மண்டிக்காரரே, பல்லு போன மாடு" என்று தரகர் சிரித்தார். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியவில்லை.

பொட்டு குரைக்கவே இல்லை. குரைத்திருந்தால் சுதாரித்திருப்பார்கள். வெள்ளையாக ஒன்று பறந்தது. துண்டு, கை, நாய், முக்காலி எல்லாம் ஒன்றாக மண்ணில். "அய்யோ தேவரே!" என்று தரகர் அவர் கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டுக் கத்தியது இன்னும் காதில்.

இவர் கையில் கீறல்கூட இல்லை. தரகருக்கு வலது கை, கட்டை விரலுக்குக் கீழே, உள்ளே சதை தெரிகிற மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா மிளகாய்ப் பொடியோடு ஓடி வந்தாள், வைத்துக் கட்ட. செல்வி, "பாடத்துல சோப்பு போட்டுக் கழுவணும்னு இருக்குதும்மா" என்றாள். கழுவினோம். வாளி வாளியாகத் தண்ணீர். சிவப்பாகவே போனது.

இவர் மோட்டார் சைக்கிளில் பாலக்கோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

பொட்டு கட்டை வண்டிக்கு அடியில். உடம்பெல்லாம் உதறல், இருந்த இடத்திலேயே மூத்திரம். கடித்ததும் அதுதான், நடுங்குவதும் அதுதான். செல்வி ஊர்ந்து போய்க் கழுத்தில் கயிறு போட்டாள். நான் வேண்டாம் என்று கத்தினேன், அவள் கேட்கவில்லை. அவளை ஒன்றும் செய்யவில்லை.

விளக்கு வைத்தாயிற்று. முருகா.


ஐப்பசி 5, திங்கள்

வெயில் வந்தது. துணி காய்ந்தது.

டாக்டர் சொன்னது, இவர் வாயால் இரண்டு தடவை கேட்டு எழுதியது: தினம் ஒரு ஊசி, தொப்புளைச் சுற்றி, மொத்தம் பதினாலு. நாயைக் கொல்லக் கூடாது. கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்க வேண்டும். பத்து நாளும் நன்றாக இருந்தால் அதற்கு வெறி இல்லை, ஊசியை நிறுத்திவிடலாம். நடுவில் செத்தால் உடனே வந்து சொல்ல வேண்டும்.

பஸ் செலவு, மருந்துச் செலவு நம்முடையது. எழுதியாயிற்று.

இவர் சாப்பிடும்போது, "பத்து நாள் ஆவட்டும். அதுக்கப்புறம் சேலம் போற லோடுல ஏத்தி, எங்கிருந்து வந்துச்சோ அங்கயே எறக்கி வுட்டுறலாம்" என்றார். மோர் கேட்கிற குரலில்.

எங்கிருந்து வந்தது என்றால், தொப்பூர் கணவாயிலிருந்து. ஆனி மாதம் நம் லாரி டிரைவர் அங்கே ஒரு ஓட்டல் பின்னாலிருந்து தூக்கி வந்தது. தக்காளி மண்டிக்குக் காவல் என்று. நெற்றியில் காசு அளவு மரப்பட்டை நிறம், அதனால் செல்வி வைத்த பெயர் பொட்டு. மண்டியில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஆள் வந்தால் கூடைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு பல்லைக் காட்டும். காவலுக்கு வந்ததற்கே காவல் வேண்டியிருந்தது. அப்புறம்தான் வீட்டுக்கு வந்தது.

தொப்பூரில் ராத்திரி பகல் லாரி. இறக்கிவிட்டால் ஒரு மணி நேரம் தாங்குமா. இவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார். பதினெட்டு வருஷம் இந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறேன், ஒரு எறும்புப் புற்றைக்கூட மிதிக்க மாட்டார்.

செல்விக்கு இன்னும் தெரியாது.


ஐப்பசி 7, புதன்

தக்காளி வரத்து குறைவு. இவர் சீக்கிரம் வந்துவிட்டார்.

தரகர் தினமும் வருகிறார். பாலக்கோட்டிலிருந்து பஸ் இறங்கி, வயிற்றைப் பிடித்தபடி நேராக நம் வேலிக்கு. உள்ளே வருவதில்லை.

"அக்கா, சாப்டுச்சா?"
"சாப்பிட்டுச்சுங்கண்ணா."
"தண்ணி?"
"குடிச்சுது."
"குடிக்கறப்ப நீங்க பாத்தீங்களா, பொண்ணு பாத்துச்சா?"
"நானே பாத்தேன்."
"செரி. ஏனு மாடோது, என்ன பண்றது, என் உசுரு இப்ப அது வயித்துல."

அதைச் சொல்லிச் சிரிக்கிறார். சிரித்தால் ஊசி போட்ட இடம் இழுக்கிறது, மறுபடி வயிற்றைப் பிடிக்கிறார்.

இன்று அவர் பெண்சாதி கெம்பம்மாவும் வந்தாள். வந்ததுமே ஆரம்பம். "ஏம்மா, நாய் வளக்கறீங்களா புலி வளக்கறீங்களா? இந்தாளு வேட்டியைக் கட்டக்கூட நான்தான் வரணும். மாடு புடிக்கற கையி, இப்ப கரண்டி புடிக்கல." தரகர், "வுடுடி, கையி போனா போவுது, நாக்கு உனக்கு இருக்குதில்ல, அதுல யாவாரம் பண்ணிக்கலாம்" என்றார். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நான் சிரிக்கவில்லை. கெம்பம்மா சொன்னதில் என்ன பொய்.

அவர்கள் போன பிறகு செல்வி கேட்டாள். "அம்மா, தபால்காரரைப் பாத்து ஒருநாளும் குலைக்கல. நர்ஸம்மாவைப் பாத்தும் இல்ல. ஏன்னு யோசிச்சீங்களா?" நானும் அவளும் உட்கார்ந்து யோசித்தோம்.

குரைத்தது அல்லது பாய்ந்தது: பால்காரர். மண்டி கணக்குப்பிள்ளை. வண்டிக்காரர். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த இவருடைய மாமா. தரகர்.
சும்மா இருந்தது: தபால்காரர். நர்ஸம்மா. செல்வியின் வாத்தியார். வளையல்காரர். பெண்கள் யார் வந்தாலும்.

பால்காரர் முதல் தரகர் வரை எல்லாருக்கும் தோளில் துண்டு. உட்காரும் முன்னால் உதறுவார்கள்.

சரி பார்ப்போம் என்று கொடியிலிருந்த ஈரத் துண்டை எடுத்துப் பட்டென்று ஒரு உதறு உதறினேன். பொட்டு தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. காது பின்னால். கண் மேலே சொருகினாற்போல. கால் வழியாக மூத்திரம்.

தினம் காலையில் அந்தக் கொட்டகைக்கு எதிரில்தானே நின்று துவைத்த துணி முழுதையும் ஒவ்வொன்றாக உதறிக் காயப் போடுகிறேன். ஆனியிலிருந்து. அது வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பதைப் பார்த்து, வெயிலுக்கு ஒதுங்குகிறது என்று நினைத்தேனே.

சாயங்காலம் டிரைவரைக் கேட்டேன். "ஆமாங்க்கா, ஓட்டல்ல ஈரத் துணியை முறுக்கித்தான் அடிப்பானுங்க. மேசை தொடைக்கற துணி. சாட்டை கணக்கா விழும்" என்றார். தெரிந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.


ஐப்பசி 8, வியாழன்

துணியை இனிமேல் கிணற்றுக்கு அந்தப் பக்கம் காயப் போடுவது. கொடி மாற்றிக் கட்டியாயிற்று.

தரகரிடம் துண்டில்லாமல் வரச் சொன்னேன். "துண்டு இல்லாத தரகனா? வேட்டி இல்லாமகூட வந்துருவேன் அக்கா, துண்டு இல்லாம தெருவுல எப்படி நடக்கறது" என்றார். ஆனால் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பொட்டு அவரையே பார்த்தது. குரைக்கவில்லை. மூக்கை மட்டும் தூக்கித் தூக்கி.

"ஏன்டி, எங்கூடவா உனக்குப் பகை? துண்டுகூடவா?" என்று வேலிக்கு வெளியிலிருந்தே கேட்டார். நாயிடம்.

இவரிடம் துண்டு விஷயத்தைச் சொன்னேன். கேட்டார். கேட்டுவிட்டு, "மண்டிக்காரன் வூடு. துண்டு போட்டவன் வராம யாரு வருவாங்க? எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு வரச் சொல்லுவியா?" என்றார். உண்மைதான். இந்த வீட்டில் அதற்கு நிம்மதி கிடையாது. கட்டியே கிடக்கும், தினம் நாலு தடவை செத்துச் செத்துப் பிழைக்கும், ஒருநாள் கயிறு அறும்.

அனுப்பத்தான் வேண்டும். தொப்பூருக்கு இல்லை. அது மட்டும் தெரிகிறது.


ஐப்பசி 10, சனி. தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளியல் எல்லாருக்கும். அதிரசம் பாகு சற்று முற்றிவிட்டது. முறுக்கு நன்றாக வந்தது.

விடியற்காலம் முதல் வெடி. சரம் சரமாக. பொட்டு கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்தெல்லாம் சிராய்ப்பு. பிறகு கொட்டகைக்குள் விறகு அடுக்குக்குப் பின்னால் புகுந்தது. பகல் முழுதும் வெளியே வரவில்லை. சோறு அப்படியே. தண்ணீர் அப்படியே. வாயோரம் நுரை மாதிரி எச்சில்.

தரகர் புதுச் சட்டையில் வந்தார். ஆஸ்பத்திரியில் தீபாவளியானாலும் ஊசி உண்டாம். "சாப்டுச்சா?" என்றார். நான் தொடாமல் கிடந்த கிண்ணத்தைப் பார்த்தேன். அவர் முகம் போன போக்கு. "வெடிச் சத்தத்துக்குப் பயம்ணா" என்றேன். கேட்டாரா தெரியவில்லை. ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.


ஐப்பசி 11, ஞாயிறு

எழுத முடியவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

காலையிலும் தண்ணீர் குடிக்கவில்லை. செல்வி கிண்ணத்தை நகர்த்தினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "தண்ணியைக் கண்டா பயப்படுது, வெறி வந்துருச்சு, அவ்வளவுதான்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். கால் மணி நேரத்தில் வாசலில் ஆறேழு ஆள். கையில் தடி. ஒருவரிடம் கடப்பாரை. எல்லாரும் நம் மண்டிக்கு வந்து போகிறவர்கள், நம் வீட்டில் காபி குடித்தவர்கள். நேற்று அதிரசம் கொடுத்தேன்.

இவர் அவர்களோடு நின்றார். தடி இல்லை. ஆனால் அவர்கள் பக்கம் நின்றார்.

அப்போதுதான் தரகர் வந்தார். அவர்தான் முதலில் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பையைப் போட்டுவிட்டு ஓடி, கொட்டகை வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார். கட்டுப் போட்ட கை. "யாரும் கிட்ட வராதீங்க! டாக்டரு சாவடிக்காதன்னாரு! இது செத்தா என் கதி என்னாவறது? நீங்களா ஊசி போட்டுக்குவீங்க?" தடி வைத்திருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கடிபட்டவன் நாய்க்குக் காவல் நிற்பதை யார் பார்த்திருக்கிறார்கள்.

"அண்ணா, கொஞ்சம் நகருங்க" என்றேன். எப்படிச் சொன்னேன் தெரியவில்லை. கிண்ணத்தில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இவர் "ஏய்!" என்றார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் குரலுக்கு நிற்காமல் போனேன்.

விறகு அடுக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கிண்ணம் என் பக்கத்தில். முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டேன், ஆடக் கூடாது என்று. கண்ணை மூடி நாமம் சொன்னேன். எத்தனை சொன்னேன், எண்ணவில்லை. வெளியே யாரோ இருமினார். ஒரு வெடி. பிறகு எல்லாம் அடங்கியது. முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. கடிக்கப் போகிறது என்று நினைத்தேன்.

சளக். சளக். சளக்.

குடித்தது. கிண்ணம் காலி.

வெளியே தரகர் மண்ணில் உட்கார்ந்து அழுதார். ஆண்பிள்ளை வாய்விட்டு அழுது பார்த்ததில்லை. தடியோடு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனார்கள். கடப்பாரைக்காரர் போகும்போது, "அதிரசம் நல்லா இருந்துச்சுங்க" என்றார். இதையும் எழுதி வைக்கிறேன்.




ஐப்பசி 13, செவ்வாய்

நேற்று முதல் சஷ்டி விரதம். பகலில் பால், பழம். வீடு கழுவி, பூஜைச் சாமான் துலக்கியாயிற்று.

தரகர் தேக்கு இலையில் பொட்டலம் கொண்டு வந்தார். "நாயிக்கு அக்கா. ஆட்டு ஈரல். வேக வச்சது." சஷ்டி விரத வீட்டு வாசலில் ஈரல்! "அண்ணா, விரதங்க" என்றேன். பதறிப்போய்ப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், சாமி பார்க்கிற மாதிரி. செல்விதான் வேலிக்கு வெளியே வாங்கிக்கொண்டு, கொட்டகைப் பின்பக்கமாகப் போய் வைத்தாள். பொட்டு அவர் கொண்டுவந்ததைத் தின்றது. அவர் வேலியோரம் குந்தி உட்கார்ந்து, தின்று முடிக்கும் வரை பார்த்தார். பெற்ற பிள்ளை தின்பதைப் பார்க்கிற பார்வை.

செல்விக்குத் தொப்பூர் விஷயம் தெரிந்துவிட்டது. அப்பாவிடம் பேசுவதில்லை. என்னிடமும் பாதி.


ஐப்பசி 14, புதன்

பத்து நாள் முடிந்தது. பொட்டு நன்றாக இருக்கிறது. ஊசி நிறுத்தியாயிற்று. முருகன் அருள். இதோடு சந்தோஷமாக எழுதி மூடியிருக்க வேண்டிய நாள்.

தரகரும் கெம்பம்மாவும் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். கையில் புதுக் கயிறு. இவர் கட்டிலில். தரகர் உட்காரவில்லை.

"மண்டிக்காரரே, ஒரு வார்த்தை. இந்த நாயை எனக்குக் குடுத்துருங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"எதுக்குப்பா? இன்னொரு கையையும் குடுக்கறதுக்கா?"

"தொப்பூர்ல வுடப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். வேணாங்க. அது லாரில அடிபட்டா நான் இங்க வுழுந்துருவேன்."

எனக்குப் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். பதினாலு ஊசி கணக்கு. பத்துதான் போட்டார்கள். மிச்சம் நாலு பாக்கி. அந்த நாலு ஊசிக்கு உண்டான விஷம் இன்னும் ரத்தத்தில் தூங்குகிறது. நாய் உயிரோடு இருக்கும் வரை அது எழுந்திருக்காது, அதனால்தான் டாக்டர் நாயை உயிரோடு வைத்துப் பார்க்கச் சொன்னார். நாய் என்றைக்குச் செத்தாலும் அன்றைக்கு அது எழும். "அது நல்லா வாழ்ந்தா நானும் வாழ்வேன். நானே வச்சுக் காப்பாத்திக்கறேன். தினம் ஈரல் வைக்கிறேன். துண்டே போட மாட்டேன். வெரலைப் புடிச்சு வெல பேசறதுக்கு வேற வழி பாத்துக்கறேன்."

கெம்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்கு நாயின்னாலே ஆவாது. புருஷன் உசுருன்னு செரின்னேன்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். இவர் முந்திக்கொண்டார். "நல்லதாப் போச்சு. வச்சுக்கோ. வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிக்கிட்டுப் போ."

அவர்கள் போனதும், "அவருக்குத் தப்பாப் புரிஞ்சிருக்குதுங்க" என்றேன். "புரியட்டும். நாயும் பொழைக்குது, அவனும் சந்தோஷமா இருக்கறான், நமக்கும் பீடை வுட்டுச்சு. நீ வாயைத் தொறக்காத" என்றார். சிரிப்பு வேறு.

செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, சொல்லிடாதீங்கம்மா. இதை வுட்டா பொட்டுக்கு யாரும் இல்ல."

இரண்டு பேரும் ஒரே பக்கம். தொப்பூர் விஷயம் தெரிந்த பிறகு முதல் தடவை அப்பாவும் பெண்ணும் பேசிக்கொண்டார்கள். நான் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.


ஐப்பசி 15, வியாழன்

சஷ்டி நாலாம் நாள். தலை லேசாகச் சுற்றுகிறது.

எனக்கே தப்பாக இருக்கலாமே என்று பஸ் ஏறிப் பாலக்கோடு போனேன். செல்வி மூன்றாவது படிக்கும்போது அவள் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டியவள் நான், டாக்டர் சொன்னதில் எனக்கு என்ன தெரியும். வரிசையில் நின்று அதே டாக்டரைக் கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பத்து நாள் நாய் நல்லா இருந்துச்சுன்னா கடிச்சப்ப அதுக்கு வெறி இல்லைன்னு அர்த்தம்மா. அவ்வளவுதான். நாளைக்கே அது லாரில அடிபட்டுச் செத்தாலும் அந்தாளுக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த ஆளு."

லாரியில் என்று அவரே சொன்னார். நான் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது ஒன்றொன்றாக யோசித்தேன். சொல்லாவிட்டால்: பொட்டுக்கு ஒரு வீடு. ஈரல். துண்டில்லாத மனிதர். இதைவிட நல்ல இடம் எங்கே தேடினாலும் கிடைக்காது. ஆனால் அந்த மனிதர் தினம் அதன் மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பார். நாய்க்கு ஆயுசு எத்தனை? ஒருநாள் அது செத்தால், விஷம் எழாவிட்டாலும் பயத்திலேயே செத்துவிடுவாரே. அதற்கு யார் கணக்கு.

சொன்னால்: கெம்பம்மா ஒரு நிமிஷம் வைத்துக்கொள்ள மாட்டாள். அப்புறம் திங்கட்கிழமை சேலம் லோடு, தொப்பூர்.

பயந்த நாயைக் காப்பாற்ற ஒரு மனிதரைப் பயத்தில் கட்டிப் போடுவதா. அதுவும் விரதத்தில். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, வாயை மூடிக்கொண்டிருக்க. பாலக்கோட்டில் ஏறி நம் மாரண்டஹள்ளியில் இறங்கும் வரை ஆசையாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் திகைப்பு. என்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்திருந்தேன்.


ஐப்பசி 16, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

இவர் மண்டிக்குப் போன பிறகு தரகர் வந்தார், தனியாக. கையில் அதே புதுக் கயிறு, தோளில் துண்டு இல்லை. அந்தத் தோளைப் பார்க்கவே என்னவோ போல. முதல் தடவையாக வேலியைத் திறந்து உள்ளே வந்தார். பொட்டு எழுந்தது, வாலைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு, ஆனால் வந்தது. அவர் கட்டுப் போட்ட கையை முகர்ந்தது. தான் கடித்த கையை.

"அண்ணா, கயிறு போடறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்."

டாக்டர் சொன்னது அப்படியே சொன்னேன். நானே போய்க் கேட்டதையும் சொன்னேன். மிச்சம் நாலு ஊசி தேவையே இல்லாத ஊசி. ரத்தத்தில் எதுவும் தூங்கவில்லை. நாய் இருந்தாலும் செத்தாலும் உங்களுக்கு ஒன்றும் இல்லை. இன்னொன்றும் சொன்னேன், அதையும் மறைக்கக் கூடாது என்று: இது மறுபடி கடிக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். உங்கள் வீட்டுக்கு வருகிற யாராவது துண்டை உதறினால் கடிக்கும்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு மெல்ல, "அப்ப இது செத்தா நான் சாவ மாட்டேனா?"

"மாட்டீங்கண்ணா."

"நெசமா?"

"சஷ்டியில இருக்கேன். பொய் சொல்லுவனா?"

வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார், ஊசி போட்ட இடங்களை. ஒரு பெருமூச்சு. அந்த மாதிரிப் பெருமூச்சு நான் கேட்டதில்லை, பத்து நாளாக உள்ளேயே வைத்திருந்த மாதிரி. சிரித்தார். "பத்து நாளா தூங்கல அக்கா" என்றார். எழுந்தார். நடந்தார். வேலியைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம். சின்னப் பையன் மாதிரி வேகமாக.

திரும்பிப் பார்க்கவே இல்லை. புதுக் கயிறு நம் வாசலில் கிடக்கிறது.

பொட்டு வேலிப் பக்கம், கயிறு இழுக்கும் தூரம் வரை போய், நின்றது. வேலியோரம் அவர் குந்தியிருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு.

செல்வி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கயிற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புத்தகப் பையை இறக்காமலே கொட்டகைக்குப் போனாள்.

இவரிடம் ராத்திரி நானே சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று மட்டும். அப்புறம் விளக்கை அணைத்த பிறகு, "அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.


ஐப்பசி 17, சனி. சஷ்டி

காலையில் இவருக்கும் செல்விக்கும் பொங்கல். இன்று சூரசம்ஹாரம். கோயிலுக்குப் போகவில்லை. யாராவது வந்தால் வீட்டில் ஆள் வேண்டும் என்று.

தரகர் வரவில்லை. பகல் பஸ், மூன்று மணி பஸ், இரண்டிலும் இல்லை. ஊசி இல்லை, அதனால் பாலக்கோட்டுக்குப் போக வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பொட்டு ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் எழுந்து உட்காருகிறது.

இவர் கணக்குப்பிள்ளையிடம் திங்கட்கிழமை லோடு பற்றிப் பேசினார். நாயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஏற்றச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நாலு மணிக்குத் தபால் கார்டு எடுத்தேன். தபாலில் போட்டால் திங்களுக்குள் போகாது. அவர் ஊர்ப் பக்கம் போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். கெம்பம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அவருக்கும் தெரியாது, கண்டக்டரே படித்துக் காட்டுவதாகச் சொன்னார். எழுதியது:

முனியப்பா அண்ணனுக்கு வணக்கம். நான் நேற்றுச் சொன்னது எல்லாம் நிஜம். அதனால் உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வேண்டாம் என்றால் கெம்பம்மா மேலும் உங்கள் மேலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பயத்துக்காக இல்லாமல் வேண்டும் என்றால், பொட்டு உங்களைத் தேடுகிறது, வந்து அழைத்துப் போங்கள். திங்கட்கிழமை விடியற்காலம் லாரி கிளம்புகிறது. உங்களுக்கு வேண்டாம் என்றால் அதற்கு முன்னால் நான் செல்வி அப்பாவிடம் பேசியாக வேண்டும், அதற்கு எனக்கு ஒரு நாளாவது வேண்டும். வேணும், வேணாம், எதுவானாலும் நாளை மதியத்துக்குள் ஒரு பதில் சொல்லி அனுப்புங்கள்.